இடுப்புக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

அளந்த நூலில் முடிச்சுப் போட சூசைக்கு ஒரு கை போதும். நூலின் ஒரு நுனியை இடது கையால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சுற்றுச் சுற்றும், முடிச்சு விழுந்திருக்கும். எப்படி விழுந்தது என்று பக்கத்தில் நின்றவருக்கும் தெரியாது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் முப்பத்தோரு வருஷம், ஓடுகிற மெஷினிலேயே அறுந்த நூலை ஒட்டிப் பழகிய விரல்கள் அவை. வீட்டில் இன்ச் டேப் இல்லாமல் இல்லை. மகள் இசைவாணி தையல் படித்தபோது வாங்கிய மஞ்சள் டேப் மேஜை டிராயரில் கிடக்கிறது. "அது இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும். நூலு பொய் சொல்லாது" என்பார். நூலும்தான் இழுத்தால் நீளும். அதை அவரிடம் யார் சொல்வது?

சூசையோடு பேசுகிறவர்கள் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். மெஷின் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது; மிச்சத்தை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அவர் பேசுவதோ தெருமுனை வரை கேட்கும். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் மரியநாதபுரம் முழுக்கத் தெரிந்திருக்கும். கடைசிப் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தார். ஷிப்ட் முடியும்போது வேலைக்காரப் பிள்ளைகள் போர்டில் எழுதிவைக்கிற உற்பத்திக் கணக்கை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நேரே மெஷினுக்குப் போய், குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "போர்டுல நீங்க ஆயிரம் எழுதுவீங்க ஆத்தா. மீட்டரு என்னா சொல்லுது, அதச் சொல்லு." மில்லை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. கடைத்தெருவில் எதிர்ப்படும் பழைய பிள்ளைகள் இன்றும் 'மீட்டர் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது அவர் அளந்துகொண்டிருப்பது படுக்கையறையின் சுவர் அலமாரியை. படுக்கையறை என்று பெயர்தான். கட்டில் போட்டது போக ஆள் நடக்க ஒரு முழம் மிஞ்சுகிறது. நாலரை அடி அகலத்தில், சுவருக்குள் பதித்த ஐந்து கடப்பாக்கல் தட்டுகள். கதவு கிடையாது, பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். உச்சித் தட்டில் டிரங்குப் பெட்டி. அதற்குக் கீழே மனைவி வியாகுலம்மாளின் சேலைகள். நடுத்தட்டில் சூசையின் சட்டை, வேட்டி. அடியில் பழைய பாத்திரமும், மில் கணக்கை முடித்த காகிதங்களும், கிறிஸ்மஸ் குடிலுக்கான மாட்டுப் பொம்மைகளும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. வியாகுலம்மாள் ஐந்தடி உயரம். அவளுடைய இடது கை, சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து உடைந்து கோணலாகக் கூடிய கை; பாதிக்கு மேல் நீளாது. எட்டி எடுப்பதெல்லாம் வலது கைதான். குதிகாலைத் தூக்கி, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சேலையை, மேல் சேலை கலையாமல் உருவிவிடுவாள். அந்த வலது கை இப்போது தோளுக்கு மேல் எழவில்லை.

ஆடி மாதம் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. வலது மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள், அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து. பிறகு இருபத்தைந்து நாள் கதிர்ச் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் கரண்டு வைத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கை வீங்கிக் கனத்திருந்தது. அன்றிலிருந்து வியாகுலம்மாளுக்கு நைட்டிதான், மேலே ஒரு துண்டு. நைட்டியோடு கோயிலுக்குப் போகமாட்டாள். சேலை கட்டிவிட இன்னொரு கையை அண்ட விடவும் மாட்டாள். இசைவாணி திருப்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். பெற்ற மகளையே கிட்டே விடவில்லை. "எஞ் சேலைய நானே எடுக்கணும், நானே கட்டணும். இல்லாட்டி வேணாம், விடு." கிறிஸ்மஸ் பூசைக்கும் போகவில்லை. சாமியார் வீட்டுக்கே நற்கருணை எடுத்துவந்து நன்மை கொடுத்துவிட்டுப் போனார். "சாமி வீடு தேடி வருதுன்னா, நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்குறேன்?" என்று அன்று முழுக்க அழுதாள்.

ஆபரேஷன் செய்த இடத்தை டாக்டர் பார்த்தார், கட்டு மாற்றிய நர்சு பார்த்தாள். வீட்டில் யாரும் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்தால் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். சூசை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாசலில் மணி அடித்தாலும் கேட்காத மனிதருக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர். எழுந்து போய்க் கதவைத் தட்டவும் தைரியம் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நோயை அவரால் ஒன்றும் செய்துவிட முடியாது. அலமாரியைச் செய்யலாம் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கீழ்த்தட்டுக்கு மாத்திட்டாப் போச்சுப்பா, இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு ரோதன?" என்று இசைவாணி வீடியோ காலில் முகம் காட்டிக் கேட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வியாகுலம்மாள் குனிந்தால் தலை சுற்றுகிறது. வீங்கிய கையைத் தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். ஆக, அவளுக்கு வேண்டியதெல்லாம் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும், கை எட்டுகிற உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒரு கம்பி போட்டு, சேலைகளை ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். "மடிச்சு வைக்க ரெண்டு கையி வேணும். தொங்கவிட்டா ஒத்தக் கையி போதும்" என்று சூசை ஆள் ஆளுக்கு விளக்கினார். காய்கறிக்காரரும் தப்பவில்லை.

கடைக்கும் போய்ப் பார்த்தார். பைபாஸ் பக்கம் கண்ணாடி வைத்த பெரிய கடை. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் அலமாரியின் கதவை விற்பனைப் பையன் தள்ளிக் காட்டினான். கம்பி ஆறடியில் இருந்தது. "இம்புட்டு ஒசரத்துல யாருப்பா கை வைப்பா?" என்று சூசை கேட்டது கடை முழுக்கக் கேட்டது. "ஸ்டூல் போட்டுக்கலாம் சார்" என்றான் பையன். சூசை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். கடை என்று இருந்தால் கை தூக்க முடிகிறவர்களுக்குத்தான் சாமான் செய்வார்கள் போலிருக்கிறது.

கையில் ஒன்பதாயிரம் இருந்தது. அதற்கு மேல் போனால் மாத்திரைக்கும் மதுரை போய்வருவதற்கும் வைத்திருப்பதில் கை வைக்க வேண்டிவரும். ஆகவே எல்லாவற்றையும் பழையதில் தேடினார். மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையின் ஹேங்கர்கள் மூன்று டஜன். பழைய இரும்புக் கடையில் எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த குழாய். ரவிக்கைக்கும் உள்பாவாடைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூடை. நாலு இடம் விசாரித்து, பேகம்பூரிலிருந்து கிதர் முகம்மதுவைக் கூட்டிவந்தார். தச்சு வேலை, பிவிசி கதவு வேலை, கல் அறுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். வாய் அதிகம் பேசாதவர். தட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, கல்லு சுவரோட கெட்டியாப் பதிஞ்சு கெடக்கு. கம்பிய நாலடில போடணும்னா ரெண்டு கல்ல அறுக்கணும். பூச்சு பேந்துக்கும், மறுபடி பூசணும், பன்னெண்டாயிரத்துக்குக் கொறையாது. கம்பிய நாலே முக்கால்ல போட்டா ஒரு கல்லு போதும். எட்டரைக்குள்ள முடிச்சுத் தாரேன்."

"ரெண்டு கல்லுன்னா பன்னெண்டா? ஏந் தம்பி, எங்கிட்ட அம்புட்டு இல்லையே!" என்று சூசை கத்தினார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வியாகுலம்மாள் தலை தூக்காமல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

எந்த உயரம் என்று முடிவு செய்ய வேண்டியது கட்டிலை அடுத்த சுவர். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும், எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். முதலில் சூசையும் கூட நின்றார். மேஸ்திரி புத்தி போகுமா? "ஏறு, ஏறு, இன்னுங் கொஞ்சம், என்னா நின்னுட்ட?" என்று பக்கத்திலேயே விரட்டினார். மூன்றாம் நாள் வியாகுலம்மாள், "நீங்க நின்னா எனக்கு விரலே ஓடமாட்டேங்குது. போயிப் பால வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பாலோடு திரும்பும்போது கோடு போட்டு, தேதியும் எழுதியிருக்கும். ஒன்பது நாள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. நாலடிக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றன் மேல் ஒன்றாகத் தடித்துக்கொண்டே போனது. சூசை அதைப் பார்ப்பார், நூலால் அளப்பார். அன்றைக்குக் காப்பி ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருப்பார்.

கிதர் முகம்மது வந்துபோன மறுநாள் கோடு ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"வியாகுலம்! ஏறிருச்சுத்தா!" தெருவில் இரண்டு வீட்டு ஆட்கள் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் இன்னொரு விரற்கடை. ஒருநாள் ஏறாது, மறுநாள் சேர்த்து ஏறும். சூசை கறி வாங்கிவந்தார். மாதக் கணக்காக மழிக்காமல் விட்டிருந்த தாடியை மழித்தார். தெருமுனைத் தையல்காரியிடம் வியாகுலம்மாளின் ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, வலது கையை மட்டும் நன்றாகத் தளர்த்தி, கொக்கியை முன்பக்கம் வைத்துத் தைத்து வாங்கினார். ஏறத் தொடங்கிய பதினெட்டாம் நாள் கோடு நாலே முக்கால் அடியைத் தொட்டது. இரண்டு தடவை நூல் வைத்துப் பார்த்துவிட்டு, கிதர் முகம்மதுவுக்குப் போன் போட்டார். "ஒரு கல்லு போதும் தம்பி. வா."

சனிக்கிழமை வேலை நடந்தது. நடுத்தட்டை அறுத்தபோது எழுந்த தூசியில் வீடே வெளுத்துவிட்டது. வியாகுலம்மாள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கம்பிக்குத் துளை போடும் முன்பு கிதர் முகம்மது மெஷினைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஓட்டையப் போட்டா போட்டதுதான். மதினிய ஒருதடவ வந்து கை வச்சுப் பாக்கச் சொல்லுங்களேன்."

"அதான் கோடு இருக்குல்ல தம்பி. தேதியோட எழுதி வச்சிருக்கா பாரு."

கிதர் முகம்மது கோட்டைப் பார்த்தார், வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், மெஷினை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் போர்டை நம்பாமல் மீட்டரைக் குனிந்து பார்த்த மனிதர், தன் வீட்டுச் சுவரை அப்படியே நம்பிவிட்டார். நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினார். வேறு காரணம் தேட வேண்டாம்.

சாயங்காலம் அலமாரி முடிந்தது. சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது. கம்பிக்கு வெள்ளிப் பெயின்ட். பதினோரு சேலைகள் ஹேங்கரில். கீழே கல்லின் மேல் இரண்டு கூடைகள். இடது ஓரத்தில், பார்த்துக் கட்டுவதற்கு ஒரு பழைய நிலைக்கண்ணாடி. உச்சித் தட்டில் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் சூசையின் சட்டைகள் போய்விட்டன. அவர் திரையை இழுத்து மூடுவார், திறப்பார், மறுபடி மூடுவார். "நாளைக்கு ரெண்டாம் பூசைக்குப் போறோம்" என்று அறிவித்தார். வியாகுலம்மாள், "தூசியக் கூட்டணும்" என்று மட்டும் சொன்னாள். இராத்திரி சாப்பிடவில்லை. தூசி நெஞ்சில் அடைத்திருக்கும் என்று சூசை நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி அடித்தது. வியாகுலம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியோடு படுக்கையறைக்குள் வந்து அலமாரி முன்னால் நின்றாள். சூசை கதவருகில் நின்றார்.

"எடு" என்றார். "ஊதாவ எடு."

அவள் வலது கையைத் தூக்கினாள். கை நெஞ்சு வரை வந்தது. தோள் உயர்ந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, கை அதற்கு மேல் ஏறவில்லை. கோணல் இடது கையை முழங்கைக்கு அண்டக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். கம்பிக்கும் விரலுக்கும் நடுவே ஒன்றரைச் சாண் கிடந்தது. சூசையின் கண்ணுக்கு அளவு தப்பாது. கை நின்ற இடம், ஒன்பது நாளும் தடித்துக்கிடந்த அந்த முதல் கோட்டுக்கும் கீழே இருந்தது. கை ஏறாததோடு, இறங்கியும் இருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை மதுரைக்குக் காட்டப் போகும்போது டாக்டர் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் சேலைகளைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. "என்னத்தா?" என்றார். அவள் திரும்பி, அவர் பார்க்கும்படி முகத்தைக் காட்டி மறுபடி சொன்னாள்.

"முக்காலி மேல ஏறி நின்னு போட்டேன். கோட்ட."

சூசை கட்டிலுக்கு அடியில் இருந்த முக்காலியைப் பார்த்தார். குனிந்தாலே தலை சுற்றுகிறவள். வீட்டில் ஆள் இல்லாத நேரம்.

"விழுந்திருந்தா?" என்று கேட்டார். அவருடைய குரல் அந்த அறையைத் தாண்டவில்லை. இசைவாணி பிறந்த பிறகு அந்த வீட்டில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"விழல." துண்டின் நுனியைத் திருகினாள். "ரெண்டு கல்லுன்னா காசு பத்தாதுன்னு கத்துனீங்க. அதுகூடப் பரவால்ல. கோடு ஏறாத அன்னைக்கெல்லாம் உங்க மூஞ்சியப் பாக்க முடியலங்க. ஒரு விரக்கட போட்டேன், நீங்க அப்பிடிச் சிரிச்சீங்க. பெறகு நிறுத்த முடியல."

திட்டுவதற்கு வாய் வந்தது. முப்பது பெண்களை ஒரே மூச்சில் திட்டுகிற வாய். அழுகையும் கூடவே வந்துவிட்டதால் இரண்டும் நடக்கவில்லை. "அளந்தவன் நாந்தான்" என்றார். "உன்னைய நிக்க வச்சு அளந்திருக்கணும். தப்பு எம் மேலதான்."

அவரே கையை நீட்டி ஊதாச் சேலையை எடுத்தார். கூடையிலிருந்து தளர்த்தித் தைத்த ரவிக்கையையும் எடுத்தார். இரண்டையும் கட்டில் மேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. அவள் முகம் சன்னல் பக்கம் போனதில் தெரிந்துகொண்டார். அவள் இனி மாற்றுவாளோ, நைட்டியோடு படுத்துவிடுவாளோ, அது அவள் இஷ்டம் என்று, வழக்கம்போல வெளியே போகத் திரும்பினார். நாற்காலி அங்கே இருக்கிறது.

வியாகுலம்மாள் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னே போனாள். கதவைச் சாத்தினாள். சூசை அறைக்கு உள்ளே நிற்கும்போதே, இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.